என் பெயரைச் சொல்லி விரட்டினார்கள்

லாரிச் சத்தம் முதலில் ரோசம்மா அண்ணிக்குத்தான் கேட்டது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கையிலிருந்த ஈரச் சட்டையை உதறாமல் அப்படியே நின்றுவிட்டார்.

செம்பவாங்கில் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு அது. ஞாயிற்றுக்கிழமை பகல். அண்ணனும் அண்ணியும் தேவாலயத்திலிருந்து திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் முன்னறையில் வலது காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தேன். முட்டியில் அறுவை செய்த இடம் வெயில் ஏற ஏற அரித்துக்கொண்டே இருக்கும். சொறியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பக்கத்துத் தோலைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

லாரி வாசலுக்கு எதிரில் வந்து நின்றது. பின்னால் நிற்க இடமில்லாத அளவுக்கு ஆட்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்த முகங்கள். முன்னால் குதித்து இறங்கினார் பூக்கடை வேலாயுதம். சிராங்கூன் ரோட்டில் மாலை கட்டி விற்பவர். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “அவரத் தேடித்தான் வந்திருக்காங்க,” என்றார். ஈரச் சட்டையை மறுபடி வாளியில் போட்டார்.

உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்த அந்தோணி அண்ணன் துண்டோடு வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார். அந்த நொடியில் அவர் முகத்தில் வந்தது கோபமாக இருந்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அது கோபமல்ல.

மரத்தடிக் கூட்டம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் பந்து விளையாடியவன் என்பது தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் தேக்கா வட்டாரத்து நண்பர்கள் கழகம் என்ற அணியில் நான் இடது ஓரத்தில் ஓடினேன். பெயர் கோவிந்தராஜு. ராக்கெட் விடுவதைப் பற்றியே எல்லாரும் பேசிய காலம் அது. அதனால் கூட்டம் எனக்கு வைத்த பெயர் ராக்கெட் ராஜு.

ஃபேரர் பார்க் திடலில் எங்கள் ஆட்டம் என்றால் மாலை நான்கு மணிக்கே பெரிய மரத்தடி நிறைந்துவிடும். மாட்டுக்காரர், சலவைக்காரர், கடைச் சிப்பந்தி, துறைமுகக் கூலி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எல்லாரும் ஒரே புல்லில் உட்காருவார்கள். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்ற வறுகடலை கை மாறும். மழை பெய்து ஓய்ந்த திடலில் புல்லும் சேறும் வியர்வையும் கலந்து ஒரு வாசம் வரும். நான் பந்தோடு ஓரத்தில் ஓடினால் என் கூடவே கோட்டுக்கு வெளியே இருபது பேர் ஓடி வருவார்கள்.

அவர்களைத்தான் மரத்தடிக் கூட்டம் என்போம். கழகத்துக்கு உயிர் அவர்கள்தான். சட்டை தைக்க வசூல் செய்வது, லாரி பிடிப்பது, காயம் பட்டவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவது எல்லாம் அவர்கள். கழகத் தலைவர் சபாபதி, கட்டட வேலைக்குச் சாமான் கொடுக்கும் குத்தகைக்காரர். நகரசபைத் தேர்தலில் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் கண்ணுக்கு ரசிகர்களாகத் தெரியவில்லை. வோட்டாகத் தெரிந்தார்கள். அது அவர்களுக்கும் தெரியும்.

முதுகைக் காட்டிய நாள்

அந்தோணி அண்ணனைக் கோச்சாகக் கொண்டுவந்ததே அந்தக் கூட்டம்தான்.

அதற்கு முன் சபாபதியின் மச்சான் கோச்சாக இருந்தார். அப்போதெல்லாம் மேனேஜர் தனி, கோச் தனி என்று கிடையாது. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஓடவிடுவதும் ஒருவரே. மச்சான் நல்ல மனிதர். பந்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. செம்பவாங் பட்டறை அணி எங்களை ஐந்து கோல் போட்டு அடித்த அன்று, எங்கள் கூட்டமே எதிரணிக் கோச்சைப் பார்த்துக் கை தட்டியது. ஒல்லியான கறுத்த மனிதர். பட்டறை ஸ்டோரில் கிராணி. கோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், விரலை மட்டும் ஆட்டிப் பதினோரு பேரையும் நகர்த்தினார். அவர்தான் அந்தோணி.

அடுத்த ஆட்டத்தில் மரத்தடிக் கூட்டம் மொத்தமும் திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கூச்சலில்லை, கல்லெறியில்லை. ரோட்டைப் பார்த்தபடி கடலை தின்றார்கள். அன்று நான் நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்துப் போய் மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டேன். என் வாழ்நாளில் போட்ட சிறந்த கோல் அதுதான். பார்த்தவர் எதிரணிக் கோல்கீப்பர் மட்டும்.

இடைவேளையில் சபாபதி மரத்தடிக்குப் போனார். வேலாயுதம் திரும்பாமலே பேசினார்.

“செம்பவாங் அந்தோணி வரட்டும். நாங்க திரும்பறோம்.”

“எங்க மச்சானுக்கு ஒரு மரியாதை வேண்டாமாய்யா?”

“மச்சானுக்கு வீட்டுல மரியாதை குடுங்க, முதலாளி. இது திடல் லா.”

ஒரு வாரத்தில் அந்தோணி அண்ணன் வந்தார். லாரியில் நிற்க வைத்து தேக்கா முழுக்கச் சுற்றினார்கள். அவருக்கு வெட்கம். மாலையைக் கழற்றிக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரோசம்மா அண்ணி அன்று சொன்னதை அண்ணனே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்: “ஒருத்தருக்கு முதுகைக் காட்டினவங்க உங்களுக்கும் காட்டுவாங்க.”

இது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் நினைக்கவேண்டாம். ஊருக்குத் தெற்கே ஒரு சீனர் அணியில், தோற்ற கோச் கழகக் கட்டடத்துக்குள் நுழைய முடியாதபடி ரசிகர்கள் படியில் வரிசையாக உட்கார்ந்து சீட்டு விளையாடினார்களாம். மலாய்க்காரர் அணி ஒன்றில் கோச் வீட்டுக் கல்யாணத்துக்கே ஒருவரும் போகவில்லையாம். கால்பந்து பிடித்த ஊரில் கோச் என்பவர் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர். எப்போது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று தெரியாது.

முட்டி

அண்ணன் வந்த பிறகு இரண்டு பருவம் நாங்கள் பறந்தோம். அவர் கத்தமாட்டார். தப்பு செய்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, நீ அங்க நின்னப்ப உனக்கு என்ன தெரிஞ்சுது?” என்றுதான் கேட்பார். ஆட்டக்காரனின் கண்ணில் என்ன விழுந்தது என்று விசாரித்த ஒரே கோச் அவர். எனக்கு அதற்குமுன் கிடைத்தவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்கள்.

மூன்றாவது பருவத்தில் ஒரு மழை நாள். சேற்றில் திரும்பும்போது என் வலது கால் மண்ணிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குள் மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். பத்தடி தள்ளி நின்ற எதிரணிக்காரன் முகத்தைச் சுளித்ததைப் பார்த்ததும் தெரிந்தது, அவனுக்கும் கேட்டிருக்கிறது.

ஒரு சீன வைத்தியர் கறுப்புத் தைலம் தடவிக் கட்டினார். வீக்கம் வற்றியது. நடந்தேன். ஆனால் அண்ணன் விடவில்லை. ஒருநாள் பட்டறையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டர் முட்டியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். நான்கு மாதம் ஓடக்கூடாது, மீறி ஓடினால் பிறகு எப்போதும் ஓடமுடியாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் சொன்னது: “நாலு மாசம் உன் பேரு பட்டியல்ல வராது. நீ வந்து கெஞ்சினாலும் வராது. சரியா?”

“சரிண்ணே,” என்றேன்.

“அது கோச்சு சொல்லிக் குடுத்தது”

நான் இல்லாமல் அணி தோற்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மரத்தடியில் பேச்சு மாறியது.

அந்தோணிக்கு ராஜுமேல் பொறாமை என்றார்கள். பட்டறை அணிக்கு உளவு சொல்கிறார் என்றார்கள். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் பயிற்சிக்கு வருவார், ஆட்டத்துக்கு முன் தேங்காய் உடைக்கமாட்டார் என்றார்கள். இரண்டு வருடம் ஜெயித்தபோது இவர்கள் யாருக்கும் தேங்காய் ஞாபகம் வரவில்லை.

வேலாயுதம் என்னைத் தேடி வந்தார். அப்போது நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தேன்.

“தம்பி, அடுத்த ஆட்டத்துல நீ இறங்கற. முதலாளிகிட்ட கேட்டுட்டு வந்துட்டோம்.”

“முட்டி ஆறலண்ணே. டாக்டர் ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு.”

“நடக்கறே இல்ல?”

“நடக்கறது வேற, ஓடறது வேற. எனக்கே பயமா இருக்குண்ணே.”

வேலாயுதம் என் தோளைத் தட்டினார். உண்மையான பாசத்தோடுதான் தட்டினார்; அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். “இது உன் வார்த்தை இல்ல தம்பி. அது கோச்சு சொல்லிக் குடுத்தது. நீ பயப்படற ஆளா? ராக்கெட்டு நீ. கவலப்படாத, உனக்கு நாங்க இருக்கோம்.”

வலி என்னுடையது. பயமும் என்னுடையது. இரண்டையும் அவர் ஒரே வாக்கியத்தில் அந்தோணி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

என் பேச்சும் என் பெயரும்

அடுத்த வாரம் கழகத்தில் கூட்டம். உள்ளே உறுப்பினர்கள், வெளியே ஜன்னல் ஜன்னலாக மரத்தடிக் கூட்டம். மின்விசிறி சுற்றியும் வேர்த்துக் கொட்டியது.

அந்தோணி அண்ணன் எழுந்தார். அவர் மேடையில் பேசுகிறவர் அல்ல. “ரெண்டு மாசம் குடுங்க. அவன் முட்டி ஆறட்டும். அதுக்கப்புறம் பத்து வருஷம் ஓடுவான். இப்ப எறக்கினா ஒரு ஆட்டம்தான் ஓடுவான்,” என்றார்.

“தோக்கறதுக்கு ஒரு சாக்கு!” என்று ஜன்னலில் ஒரு குரல்.

அப்போது நான் எழுந்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “கோச் சொல்றது நிஜம். என் காலு...” என்று தொடங்கினேன்.

“ராஜு! ராஜு! ராக்கெட் ராஜு!”

ஜன்னல்களிலிருந்து வெடித்தது. உள்ளே இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெஞ்சைத் தட்டினார்கள். நான் கையைத் தூக்கி அமைதியாக இருக்கும்படி கேட்டேன். அதைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தினார்கள். நான் கத்தினேன். என் வாய் அசைவது எனக்குத் தெரிகிறது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் பெயரைக் கொண்டே என் பேச்சை அமுக்கிவிட்டார்கள்.

சத்தம் அடங்கியபோது சபாபதி எழுந்து நின்றிருந்தார். “ரசிகர்களோட விருப்பமே கழகத்தோட விருப்பம்,” என்றார். அவ்வளவுதான். அந்தோணி அண்ணன் மேசைமேல் வைத்திருந்த விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வழியாகப் போனால் கூட்டத்துக்குள் போகவேண்டும். சமையல்கட்டுப் பக்கமாகப் போனார். நான் பின்னால் போவதற்குள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

ஒரு ஆட்டம்

புதிதாக வந்த கோச் பட்டாளத்தில் இருந்தவர். முட்டியைப் பற்றிச் சொன்னேன். “நான் என்னய்யா பண்றது? உன்ன எறக்கணும்னுதான் என்னக் கூட்டிட்டு வந்திருக்காங்க,” என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மின்சார இலாகாவில் கேபிள் இழுக்கும் வேலை எனக்குச் சபாபதி சொல்லித்தான் கிடைத்தது. அப்போது பந்து விளையாடுகிறவனுக்கு அப்படித்தான் வேலை கிடைக்கும். ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். சபாபதி மிரட்டவில்லை. “வேலையெல்லாம் நல்லா போகுதா தம்பி?” என்று மட்டும் விசாரித்தார்.

கிண்ண ஆட்டத்தின் அரையிறுதி அது. இடைவேளைக்கு முன்பே முட்டி போய்விட்டது. இந்தமுறை சத்தம் கேட்கவில்லை. வானம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புல்லில் முகம் பதித்துக் கிடந்தேன். மரத்தடியிலிருந்து ஒருவன் கத்தினான்: “ஓரமா இழுத்துப் போடுங்கப்பா, டைம் போவுது!”

என்னைத் தோளில் தூக்கியவர்களில் ஒருவன் அவன். குரல் தெரியும்.

தோற்றோம். இனிமேல்தான் கதையில் கசப்பான இடம். அடுத்த ஆட்டத்தில் மரத்தடிக் கூட்டம் மீண்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. புதுக் கோச்சை வீட்டுக்கு அனுப்பவேண்டுமாம். ஏன்? “முட்டி ஒடஞ்ச பையனை எறக்கிக் காலை ஒடிச்சுட்டான் பாவி!”

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர் இதைச் சொன்னபோது சிரித்தேன். சிரித்ததில் கட்டு இழுத்தது.

ஆஸ்பத்திரிக்கு மரத்தடியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தோணி அண்ணன் வந்தார். நன்றாயிருக்கிறதா என்று கேட்கமாட்டார். கட்டிலோரம் உட்கார்ந்து, பட்டறையில் எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று சொல்வார். வெளியே வந்தபின், ஞாயிறுதோறும் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். “உனக்கு யாரு இருக்கா? வா,” என்றார்.

அப்படி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்த லாரி வந்தது.

லாரி

“கோச், நாங்க தப்புப் பண்ணிட்டோம்,” என்றார் வேலாயுதம். முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். “உங்கள விட்டா ஆளு இல்ல. சபாபதி முதலாளிகிட்ட சொல்லிட்டோம். ஒரே பேச்சு. அந்தோணி இல்லேன்னா நாங்க இல்ல.”

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்கிட்ட எதுக்கு தப்புன்னு சொல்றீங்க? அதோ உக்காந்திருக்கான். அவங்கிட்ட சொல்லுங்க.”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். வேலாயுதம் கை கூப்பினார். “மன்னிச்சுக்க தம்பி.” பின்னால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். “மன்னிச்சுக்க ராஜு.” “மன்னிச்சிடு லா.” சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. கடைசியில் யாரோ கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். “ராஜு! ராஜு!”

அதே கூச்சல். அதே தாளம். மன்னிப்பு எங்கே முடிந்தது, கொண்டாட்டம் எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். “தம்பி, நீ என்ன சொல்றே?”

போகாதீங்க என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறு மாதமாக ஸ்டோருக்கும் வீட்டுக்கும் போய்வந்த முகம். மாலையைப் பார்த்ததும் அதில் வந்தது பசி. “போங்கண்ணே,” என்றேன்.

அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணி வழியில் நின்றார்.

“இவங்களத் தெரிஞ்சுமா போறீங்க?”

“தெரிஞ்சுதான் ரோசா.”

“அப்புறம் எதுக்கு?”

“நான் வேற எங்க போவேன்?” என்றார் அண்ணன். அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணி எதிர்பார்த்திருக்கவேண்டும். விலகி நின்றார்.

மாலையைப் போட்டு லாரியில் ஏற்றினார்கள். நான் கோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை போனேன். அண்ணன் மேலேயிருந்து, “ராஜுவையும் ஏத்துங்கப்பா,” என்றார். பின்பலகை என் நெஞ்சுயரம். இரண்டு பேர் குனிந்து கை நீட்டினார்கள். கால் தூக்க வரவில்லை. தூக்கிவிட ஒருவராவது கீழே இறங்கவேண்டும். இறங்கினால் அவருடைய இடம் போய்விடும். “அவரு பஸ்ஸுல வரட்டும், நேரமாச்சு,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அண்ணன் ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. லாரி நகர்ந்துவிட்டது.

அண்ணனை அதே கூட்டம் அடுத்த பருவத்தின் நடுவில் மறுபடி விரட்டியது. அப்போது என் பெயர் தேவைப்படவில்லை. வேறொரு பையனின் பெயர் கிடைத்திருந்தது. அதன்பின் அந்தோணி அண்ணன் எந்தத் திடலுக்கும் போகவில்லை. இலாகாவில் என்னைக் கேபிளிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு லாரி போனபின் தெருவில் புழுதி அடங்க வெகுநேரமானது. அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து தரையில் உட்காரவைக்காமல் மேசையருகே நாற்காலி போட்டார். இரண்டு தட்டுதான் வைத்தார். மீன்குழம்பில் அண்ணனுக்கென்று எடுத்து வைத்திருந்த தலைப்பகுதியை என் சோற்றில் போட்டார்.

“அவருக்கு வேணாமா அண்ணி?”

“அவரு வந்து சாப்பிட மாட்டாரு. அங்க போட்டுருவாங்க,” என்றார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலைப் பார்க்காமல் சொன்னார்: “தொரத்தினதும் வருவாரு. நீ சாப்பிடு.”